நாமக்கோழியின் இடது கதவு

என்ஜின் அணைந்ததும் உள்ளேயிருந்து கண்ணாடியில் இரண்டு தட்டு கேட்கும். அதற்குள் நீவெஸ் தன் பக்கத்துக் கதவைத் தூக்கி இறங்கி, பாவாடையை உதறிவிட்டுக்கொண்டு, காரின் மூக்கைச் சுற்றி மறுபக்கம் வந்துவிடுவாள். கையில் நீலக் கோடு போட்ட கைக்குட்டை, நாலாக மடித்தது. ஓடி வந்து நின்ற காரில் இடது கைப்பிடி அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோலச் சுடும். கைக்குட்டையை அதன்மேல் வைத்து, ஒரு இழு, ஒரு தூக்கு. கதவு மேலே எழும்பும்.

"வெளிய வாங்க மகாராஜா. மேளதாளம் வரணுமா?"

எர்மெஸ் முதலில் ஒரு காலை வெளியே விடுவான், பிறகு தலையை, பிறகு மிச்சத்தை. பதில் சொல்லமாட்டான். நன்றியும் சொல்லமாட்டான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, கதவை மெல்ல இறக்கி மூடிவிட்டு, காரின் கூரையில் ஒருமுறை தட்டிக்கொடுப்பான். அவனுக்கு எழுபது நெருங்குகிறது. ஆனால் நீவெஸ் வாயில் அவன் ஒருநாளும் 'அவர்' ஆனதில்லை என்பதால் இங்கேயும் அப்படியே போகட்டும்.

இவர்கள் இருவரும் விவாகரத்து வாங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

மோதெனா பக்கத்தில் நொனந்தோலா என்ற ஊரில், மடாலயத்துக்குப் பின்தெருவில், நீவெஸின் கடை இருக்கிறது. பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் போட்டு, சுருட்டிவிடும் கடை. எர்மெஸை ஏன் விட்டாள் என்பதற்கு அவளிடம் மூன்று கதைகள் உண்டு. எது கிடைக்கும் என்பது தலைக்கு என்ன செய்துகொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுருட்டிக்கொள்கிறவர்களுக்கு நீளமான கதை. அதில் சஸ்ஸுவோலோ பக்கத்து ஒரு பெண்ணும், ஓர் உடைந்த சூப் தட்டும் வரும். சாயம் போடுகிறவர்களுக்கு நடுத்தரக் கதை. அதில் மாமியார் மட்டும்தான். வெறுமனே நுனி வெட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒற்றை வரி: "அவன் வாயத் திறக்கமாட்டான், நான் வாய மூடமாட்டேன். அவ்வளவுதான்." கடைசிக் கதைதான் உண்மை என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

பிரியும்போது வீடு அவளுக்கு வந்தது, ஆற்றங்கரை நிலம் அவனுக்குப் போனது. தட்டுமுட்டுச் சாமான்கள், திராட்சைரசப் பீப்பாய்கள், கல்யாணத்துக்கு வந்த கரண்டிகள்கூடப் பங்கு பிரிந்தன. கார் மட்டும் பிரியவில்லை. மோதெனா கோர்ட்டில் நீதிபதி கேட்டதற்கு இருவரும் வாயடைத்து நின்றார்கள். நீவெஸ் வாயடைத்து நின்ற ஒரே சந்தர்ப்பம் அது என்று அவளுடைய வக்கீல் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பானது. கார் நிற்பது அவள் வீட்டுக் கொட்டகையில். சாவி கிடப்பது அவன் சட்டைப்பையில்.

அந்தக் காருக்குப் பெயர் ஃபோலகா. நம் ஊர் ஏரிகளில் நாமக்கோழி என்று ஒரு கறுப்புப் பறவை நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு மிதக்குமே, அதேதான். வேகமான காருக்குக் காளை, குதிரை, பாம்பு என்று பெயர் வைக்கிற ஊரில் ஒரு கிறுக்கன் சதுப்புநிலத்தோரம் பட்டறை போட்டு, கறுப்பு உடம்பும் மூக்கில் வெள்ளைப் பொட்டுமாக ஒரு காரைச் செய்து, அதற்கு நாமக்கோழி என்று பெயரும் வைத்தான். இருபது கார் செய்து முடிப்பதற்குள் பட்டறை படுத்துவிட்டது. அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்த எர்மெஸுக்குக் கடைசி மாதங்களின் சம்பளத்துக்குப் பதிலாக, இருக்கையும் இல்லாமல் உள்பூச்சும் இல்லாமல் ஒரு காரைத் தள்ளிவிட்டார்கள். அப்போது புதுப் பெண்டாட்டியாக இருந்த நீவெஸ் கடையின் பழைய நாற்காலிகளைப் பிரித்து, அந்தத் தோலில் கார் இருக்கைகளைத் தைத்தாள். மற்ற ஃபோலகாக்களில் உள்ளே தந்த நிறம். இவர்களுடையதில் மட்டும் முடி வெட்டுகிற கடையின் கருஞ்சிவப்பு. காலுக்குச் சூடு வருகிற குழாய், தலை உலர்த்தும் எந்திரத்திலிருந்து கழற்றியது. வருஷா வருஷம் செப்டம்பரில் ஃபோலகாக்காரர்கள் கூடும்போது, பணக்காரக் கார்க்காரர்கள் குனிந்து குனிந்து படம் பிடிப்பது இந்த இருக்கைகளைத்தான்.

ஃபோலகாக்காரர்கள் கூடினால் பேச்சு வேகத்தைப் பற்றி இராது. தங்கள் தங்கள் காரின் கோணங்கித்தனத்தைப் பற்றித்தான் இருக்கும், பிள்ளைகளின் குறும்பைச் சொல்லிப் பூரிக்கிற தாய்மார்கள் மாதிரி.

"என்னோடது மழை பெய்யுதுன்னா வலது விளக்க மட்டும் மூடிக்கும். கண்ணடிக்குதாம்!"

"அது பரவாயில்ல. என்னோடதுல மூணாவது கியர் போடணும்னா முதல்ல ரெண்டாவதத் தொட்டு மன்னிப்புக் கேட்டுட்டு வரணும்."

"கடிகாரம் ஓடுதா உங்களுக்கு?"

"ஹாரன் அடிச்சா ஓடும்."

ஆனால் எல்லாக் காருக்கும் பொதுவாக ஒரு கோளாறு இருந்தது. இடது கதவு. கொதிக்கிற எண்ணெய்க் குழாயை அந்தப் பக்கத்து வாசல்படிக்கு அடியில் கொண்டுபோயிருந்தார்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் உள்கொண்டி வீங்கி இறுகிக்கொள்ளும். வெளிக் கைப்பிடிக்கு வேறு கம்பி, அது மட்டும் வேலை செய்யும். கண்ணாடி ஒரு கையளவுதான் இறங்கும், அதன் வழியே கையை விட்டாலும் வெளிக் கைப்பிடி எட்டாது. ஆகவே ஓட்டுகிறவர் இறங்க வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர் இறங்கிச் சுற்றிவந்து திறந்துவிட வேண்டும். ஆரம்பத்தில் இதை யாரும் கோளாறு என்றே நினைக்கவில்லை. அவசரப்பட்டு இறங்கி யாரும் அடிபடக் கூடாதென்று பட்டறைக்காரன் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு என்று நம்பிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்கள். பொலோஞாவின் மருந்துக்கடைக்காரர் ஒருவர் தனியாகப் போய், கியர்த் தண்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கப் பார்த்து, நடுவில் மாட்டிக்கொண்டு, தீயணைப்புப் படை வந்து உருவி எடுத்த பிறகுதான் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அன்றிலிருந்து ஃபோலகாவில் யாரும் தனியாகப் போவதில்லை. கல்யாணமாகாதவர்கள் தம்பியைக் கூட்டிப்போனார்கள், தம்பி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சினார்கள். கூட்டத்தில் இப்படி வருகிறவர்களுக்குக் கதவுக்காரர்கள் என்று பெயர். சாப்பாட்டில் கதவுக்காரர்களுக்குத் தனி மேசை, அவர்களுக்குத்தான் முதலில் பரிமாற வேண்டும். அந்த மேசையின் தலைப்பக்கத்தில் வருஷா வருஷம் நீவெஸ்தான் உட்காருவாள். கார்க்காரர்களைக் கிண்டல் செய்து அவள் பேசுவதைக் கேட்பதற்கென்றே, ஓட்டத் தெரிந்த சிலர் அந்த வருஷம் கதவுக்காரராக வந்துவிடுவது உண்டு.

செப்டம்பர் போக மற்ற மாதங்களிலும் கார் வெளியே வரும். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு எர்மெஸ் சைக்கிளில் வந்து கொட்டகை வாசலில் மணியடிப்பான்.

"பேட்டரி செத்துடும். கோழிக்குக் கொஞ்சம் காத்துக் காட்டணும்."

"எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு," என்பாள் நீவெஸ். காலையிலேயே உதட்டுச் சாயம் பூசி, கைக்குட்டையை இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவள்தான். மலையடிவாரம் வரைக்கும் போவார்கள். அவள் பேசுவாள், அவன் ஓட்டுவான். திரும்பும் வழியில் பனாரோ ஆற்றங்கரையில் தீர்ச்சே என்ற விதவை நடத்துகிற சாப்பாட்டுக் கடையில் நிற்பார்கள். பொரித்த மாவுத் துண்டுகளும், உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைக் கறியும், நுரைக்கிற சிவப்பு லம்புருஸ்கோ ஒயினும். கொட்டகையில் காரை விட்டதும் அவன் சைக்கிளேறிப் போய்விடுவான். நடுவில் வருகிற நாட்களில் ஒருவருக்கொருவர் போன்கூடச் செய்துகொள்வதில்லை. ஏற்பாடு என்று யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததல்ல. கதவு அப்படி, அதனால் இப்படி.

இந்த வசந்தத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. யோஸ்ட் என்ற ஹாலந்துக்காரர், ஃபோலகா வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது, இடது கதவுக்குப் புதுக் கொண்டி ஒன்று செய்துவிட்டாராம். எவ்வளவு சூட்டிலும் வீங்காத உலோகம். செப்டம்பர் கூட்டத்தில் எல்லாக் காருக்கும் தானே போட்டுத்தருகிறாராம், இனாமாக. எர்மெஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டே இதைச் சொன்னான். அவன் தானாக ஆரம்பித்துப் பேசிய அபூர்வமான சமயங்களில் ஒன்று.

"உனக்கும் முட்டி வலி. இறங்கி ஏறிச் சுத்தி வர வேணாம் பாரு."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றாள் நீவெஸ் உடனே. "எனக்கும் ஞாயித்துக்கிழமையாவது மிச்சமாகும்."

அவன் கியரை மாற்றினான். நம்மைக் கழற்றிவிட வழி கிடைத்ததும் எவ்வளவு பதவிசாகச் சொல்கிறான் பார், முட்டி வலியாம், என்று நினைத்துக்கொண்டாள். என் வீட்டுக் கொட்டகையை விட்டுக் காரை எடுத்துக்கொண்டு போ என்றுகூடச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. வேனில் முழுக்க, கடையில் சுருட்டிக்கொள்ள வந்தவர்களுக்குக்கூட ஒற்றை வரிக் கதைதான் கிடைத்தது.

செப்டம்பர் கூட்டத்தன்று காலையில் கைக்குட்டையை இஸ்திரி போட்டாள். போட்டு முடித்ததும் கொட்டகைச் சுவரில் இருந்த ஆணியில் அதை மாட்டிவிட்டு, வெறுங்கையோடு ஏறி உட்கார்ந்தாள். எர்மெஸ் ஆணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சாவியைத் திருப்பினான்.

பாலாடைக்கட்டிப் பண்ணை ஒன்றின் முற்றத்தில் கார்கள் வரிசையாக நின்றன, வெயிலில் கறுப்பாக, மூக்கில் வெள்ளையாக. யோஸ்ட் முழங்காலிட்டு ஒவ்வொரு கதவாக வேலை பார்த்துக்கொண்டே நகர்ந்தார். நல்ல மனிதர், வியர்வை வழிய வழியச் சிரித்தார். ஒவ்வொரு கார் முடிந்ததும் அதை ஊரைச் சுற்றி ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவருவார்கள். ஓட்டியவர் உள்ளேயிருந்து ஒரு விரலால் கொண்டியைத் தொடுவார். கதவு எழும்பும். முற்றமே கை தட்டும். வயசான கார்க்காரர் ஒருவர் தானாக இறங்கிய சந்தோஷத்தில் திரும்ப ஏறித் திரும்ப இறங்கினார்.

கதவுக்காரர் மேசையில், தூரின் நகரத்து நோட்டரி ஒருவரின் மனைவி ஒத்தாவியா கோப்பையைத் தூக்கினாள்.

"விடுதலைடி நீவெஸ்! இனிமே அந்த மனுஷன் எந்த ஊருக்கு வேணாலும் போகட்டும். நான் வீட்டுல காலை நீட்டிப் படுப்பேன்."

"படு, படு. போர்வை நான் வாங்கித் தர்றேன்," என்றாள் நீவெஸ். எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"அடுத்த வருஷம் இந்த மேசையே இருக்காதே, அப்ப நீ எங்க உக்காருவ?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஏன், சமையக்கட்டுல பாத்திரம் கழுவ ஆள் வேணாமா?"

தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. இவர்கள் காரின் முறை கடைசியில் வந்தது. எர்மெஸ் தனியாக ஓட்டிக்கொண்டு போனான். அந்தச் சிவப்பு இருக்கை காலியாகப் போவதை நீவெஸ் பார்த்தாள். தானே தைத்த தையல், நெடுஞ்சாலை திரும்பும்வரை கண்ணில் தெரிவதுபோல் இருந்தது. திரும்பி வந்து நின்றது. உள்ளே அவன் கொண்டியைத் தொட்டான். கதவு எழும்பியது. கை தட்டினார்கள். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான், கூரையைத் தட்டிக்கொடுக்கவில்லை, இந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. நீவெஸும் சேர்ந்து கை தட்டினாள்.

திரும்பும் வழியில் அவள் பேசவில்லை. சோளக் காடு போனது, பேரிக்காய்த் தோட்டம் போனது, பாலம் ஒன்று போனது. என்ஜின் சத்தம் இவ்வளவு பெரிது என்று அவளுக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

"பேச்சையே காணோமே?" என்றான் எர்மெஸ்.

"தலைவலி."

"ம்."

வழக்கம்போல் தீர்ச்சே கடை வாசலில் நின்றான். நீவெஸ் இறங்கினாள். காரைச் சுற்றிப் போகாமல், கைப்பையை மாட்டிக்கொண்டு நேராகக் கடையைப் பார்த்து நடந்தாள். படியில் கால் வைக்கும்போது பின்னால் கேட்டது. கண்ணாடியில் இரண்டு தட்டு.

திரும்பினாள். கையளவு இறங்கிய கண்ணாடிக்குப் பின்னால் அவன் மூக்கும் மீசையும் தெரிந்தன.

"என்னய்யா?"

"வேலை செய்யல."

"எது வேலை செய்யல?"

"அந்தப் புதுசு. சூட்டுல ஒட்டிக்கிச்சு."

"இப்பத்தானே அத்தனை பேரு முன்னாடி பட்டுனு தொறந்த?"

"அப்பத் தொறந்துச்சு."

நீவெஸ் படியிலிருந்து திரும்பி வந்தாள். கைக்குட்டை இல்லை. கம்பளிச் சட்டையின் கையை விரல்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். கை சுட்டது. அவன் ஒரு காலை விட்டு, தலையை விட்டு, மிச்சத்தை விட்டு இறங்கினான்.

"ஹாலந்துக்காரன நம்புனியே, உனக்கு வேணும்," என்றாள். அன்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் குரலில் பழைய கிண்டல் எட்டிப்பார்த்தது அப்போதுதான்.

உள்ளே தீர்ச்சே கேட்காமலே தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். எர்மெஸ் கை கழுவப் பின்பக்கம் போனான். நீவெஸ் மேசைத்துணியின் ஓரத்தை மடித்தாள், விரித்தாள், எழுந்தாள்.

"மூக்குக்கண்ணாடியக் கார்லயே விட்டுட்டேன்," என்று தீர்ச்சேயிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஓட்டுகிற இடத்தில் அவள் உட்கார்ந்து எத்தனையோ காலமாகிறது. இருக்கையில் அவன் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. கதவை இழுத்து மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் உறைத்தது, உண்மையாகவே ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று. மருந்துக்கடைக்காரர் ஞாபகம் வந்தது, தீயணைப்புப் படை ஞாபகம் வந்தது, நொனந்தோலா முழுக்க ஒரு மாதத்துக்கு இதே பேச்சாக இருக்கும் என்பதும் ஞாபகம் வந்தது. வாசல்படி அடியில் கொதித்தது, காலில் உறைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் கொண்டியைத் தொட்டாள்.

கதவு பூப்போல எழும்பியது.

அவள் இறங்கவில்லை. திறந்த கதவின் கீழே, தான் தைத்த இருக்கையில், கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படுபாவி, என்று சொல்லிக்கொண்டாள். ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே இவனுக்கு. அழுகை வந்தது. கண்மை கலைந்தால் தீர்ச்சே கேட்பாள் என்பதால் அழவில்லை. கதவை ஓசை கேட்காமல் இறக்கி மூடிவிட்டு உள்ளே போனாள்.

எர்மெஸ் மாவுத் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க போன?"

"மூக்குக்கண்ணாடிய எடுக்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடி, எப்போதும்போலக் கயிற்றில் அவள் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அங்கேயேதான் தொங்குகிறது. அவன் அதைப் பார்த்தான், பிறகு தட்டைப் பார்த்தான். காது மடல் சிவந்தது.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

லம்புருஸ்கோவை அவள் கோப்பையில் ஊற்றினான். நுரை மேசைத்துணியில் வழிந்தது.

"யோஸ்டுக்குப் போன் போட்டு ரெண்டு வார்த்தை கேக்கணும்," என்றாள் நீவெஸ். "இப்படியா ஊரை ஏமாத்துறது?"

"வேணாம் விடு," என்றான் எர்மெஸ் அவசரமாக. "பாவம், நல்ல மனுஷன்."

"உனக்காக விடுறேன்."

"மத்தவங்க யாருகிட்டயும் சொல்லவும் வேணாம்."

"நான் ஏன் சொல்றேன்? ஒத்தாவியா காலை நீட்டிப் படுக்கட்டும்." ஒரு கறித்துண்டை மாவுத் துண்டில் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். திடீரென்று நல்ல பசி. "அந்தத் தூரின் நோட்டரிக்குத் தலையில முடி இருக்கிற இடத்தப் பாத்தியா? யாரு வெட்டுனாங்கன்னு அவகிட்ட கேட்டேன், சொல்லமாட்டேங்குறா. நான் சொல்றேன் கேளு…"

வீடு வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. நோட்டரியின் முடியில் ஆரம்பித்து, பண்ணைக்காரன் மருமகளுக்குப் போய், மேயரின் நாயில் வந்து முடிந்தது. எர்மெஸ் வழக்கம்போல் ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் ஓட்டினான். நேர்வழியில் வந்தால் சீக்கிரம் வந்துவிடலாம் என்ற இடத்தில் ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு வந்தான். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

கொட்டகைக்குள் கார் நுழைந்தது. என்ஜின் அணைந்தது. சூடு ஆறுகிற உலோகம் அங்கங்கே டிக், டிக் என்றது. நீவெஸ் கதவைத் தூக்கி இறங்கி, பாவாடையை உதறிவிட்டுக்கொண்டாள். உள்ளே எர்மெஸ் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கொண்டியைப் பார்க்காமல், நேராகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

கண்ணாடியில் இரண்டு தட்டு கேட்டது.

"வர்றேன், வர்றேன். என்ன அவசரம்?"

ஆணியிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். ஓர் உதறு உதறினாள். நாலாக மடித்துக்கொண்டு, காரின் வெள்ளை மூக்கைச் சுற்றி மறுபக்கம் நடந்தாள்.